பாம்பனிலிருந்து ஐஸ் ஹவுஸ் வரை: விவேகானந்தர் வந்த வழியில் ஐந்து நாள் வேன் பயணம், போகலாமா?

போன ஜனவரி கடைசியில் அப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு வேன் பயணம் போய் வந்தேன். 1897-ல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கி, ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, மதுரை, கும்பகோணம் என்று ஊர் ஊராக நின்று பேசிச் சென்னை வந்து சேர்ந்தாரே, அந்தப் பாதையை அப்படியே பிடித்துக்கொண்டு போகும் ஐந்து நாள் பயணம். ஆளுக்கு 16,500 ரூபாய். தங்கும் அறை, காலையும் மதியமும் சாப்பாடு, கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ரயில் டிக்கெட் எல்லாம் அதில் அடக்கம். நடத்துபவர்கள் ஒரே ஒரு வேனை வைத்துப் பிழைப்பு நடத்தும் சின்ன ஆட்கள். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறைகளையும் எழுதப் போகிறேன், ஒரே ஒரு பயணத்தை வைத்து அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனமில்லை. நீங்கள் வேறு யாரோடு போனாலும், சொந்தக் காரில் போனாலும், இது உதவும் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் கைகட்டி நிற்கும் விவேகானந்தர் படம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தொங்குகிறது. அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, அவர் ஒரு மனிதர் என்பதே இந்தப் பயணத்தில்தான் உறைத்தது. பாம்பனில் இறங்கும்போது அவருக்கு 34 வயது நிரம்பி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. உடம்பு தளர்ந்துபோயிருந்தது, நீரிழிவு வேறு. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஐந்தரை ஆண்டுகூட முழுசாக இல்லை, 1902 ஜூலை 4-ல் 39 வயதில் போய்விட்டார். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு ஊரும் வேறு மாதிரி தெரியும். வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் சிகாகோ, கைதட்டல், வெற்றி, இவ்வளவுதான். என்னுடைய பெரிய குறையே அதுதான்.

முதல் நாள் பாம்பன். குந்துகாலில் அவர் கால் வைத்த இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. காலை ஏழரைக்கே கொண்டுபோய்விட்டார்கள், அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். வெயில் ஏறுமுன் அந்த இடம் அமைதியாக இருக்கிறது, எதிரே குருசடைத் தீவு, காற்று மட்டும் சத்தம் போடுகிறது. பாம்பன் பாலம் 1914-ல்தான் வந்தது, ஆகவே 1897-ல் இங்கே வர ஒரே வழி கடல். கொழும்பில் இறங்கி, கண்டி, அனுராதபுரம், யாழ்ப்பாணம் என்று பத்து நாள் அலைந்து பேசிவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் 26-ம் தேதி இங்கே வந்தார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி படகில் போய் எதிர்கொண்டு காலில் விழுந்தார். அப்புறம் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஊர்க்காரர்களோடு சேர்ந்து மன்னரே இழுத்தார். அந்த மன்னருக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை. இரண்டு இளைஞர்கள், ஒருவர் துறவி, ஒருவர் அரசர். அந்த இடத்தில் நின்றுகொண்டு இதை நினைத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ராமேஸ்வரம் கோயிலில் கூட்டம் அதிகம், தரிசனத்துக்கே இரண்டரை மணி நேரம் போய்விட்டது. இதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஜனவரி 27-ல் இந்தக் கோயிலில் அவர் என்ன பேசினார் என்பதை வெளியே வந்த பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். சிவனை லிங்கத்தில் மட்டும் காண்பவனின் வழிபாடு தொடக்கநிலைதான், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவன்தான் உண்மையில் வழிபடுகிறான் என்று, அதுவும் ராமேஸ்வரம் கோயிலுக்குள்ளேயே நின்று பேசினார். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச ஒருவர் தமிழில் எடுத்துச் சொன்னார். மறுநாளே மன்னர் ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்க ஏற்பாடு செய்தார். கோயில் வாசலில் கை நீட்டி உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித்தான் நாங்கள் வேனுக்குத் திரும்பினோம். அந்த இடத்தில் இதைச் சொன்னால் போதாதா? நான் அப்பாவிடம் சொன்னேன், பின் இருக்கையில் இருந்த ஒரு அம்மா கேட்டுவிட்டு வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டாம் நாள் காலையில் ராமநாதபுரம். ராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களுக்காகவே இன்னொரு தரம் போகலாம். கூட வந்த வழிகாட்டித் தம்பி நல்ல பையன், இருபத்தைந்து வயதிருக்கும். அப்பாவை “ஐயா, பார்த்து வாங்க” என்று படியெல்லாம் கைபிடித்து ஏற்றினான். ஓவியங்களைப் பற்றி நன்றாகப் படித்து வைத்திருந்தான், சேதுபதிகளுக்கும் தஞ்சை மராட்டியருக்கும் நடந்த சண்டை எந்தச் சுவரில் இருக்கிறது என்று காட்டினான். ஆனால் சுவாமி விஷயத்துக்கு வந்தால் மட்டும் யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது போலத்தான் இருந்தது. “சிகாகோ செலவு முழுவதையும் நம் ராஜாதான் கொடுத்தார் அக்கா” என்றான். அது அப்படியில்லை. மன்னர் உற்சாகம் கொடுத்தார், உதவினார், சரி. ஆனால் சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தவர் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர். பச்சையப்பன் பள்ளியில் வேலை, சொற்பச் சம்பளம், பெரிய குடும்பம். சாதாரண ஜனங்களுக்காகத்தான் போகிறேன், ஆகவே அவர்களிடமிருந்து வரும் பணத்தில்தான் போக வேண்டும் என்று சுவாமி விரும்பியதால், நடுத்தரக் குடும்பங்களின் வாசலில்தான் அவர் அதிகம் நின்றார்.

இந்த மனிதரைப் பற்றி ஐந்து நாளில் ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால் நானே கொஞ்சம் எழுதிவிடுகிறேன். அமெரிக்காவில் பணம் தீர்ந்து குளிரில் மாட்டிக்கொண்டபோது சுவாமி தந்தி அடித்தது அளசிங்கருக்குத்தான். அங்கிருந்து எழுதிய கடிதங்களில் திட்டும் உண்டு, கொஞ்சலும் உண்டு, பெற்ற பிள்ளைக்கு எழுதுவது போல எழுதுவார். 1895-ல் அளசிங்கர் ‘பிரம்மவாதின்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1899-ல் சுவாமி இரண்டாம் முறை மேல்நாடு போகும்போது, கல்கத்தாவில் பிளேக் என்பதால் சென்னைத் துறைமுகத்தில் அவரை இறங்க விடவில்லை. படகுகளில் போய் எட்டிப் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அளசிங்கர் கொழும்புக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே கப்பலில் ஏறிவிட்டார், குருவோடு நாலு வார்த்தை பேச வேறு வழியில்லை என்று! திருவல்லிக்கேணித் தெருக்களில் நடந்த மனிதர் இவர். கடைசி நாள், சென்னையில் சுவாமி தங்கியிருந்த ஐஸ் ஹவுஸுக்குக் கொண்டுபோகும் வேன் அந்த வழியாகத்தான் போகிறது. பத்து நிமிடம் நிறுத்தினால் போதும்.

இப்போது அந்த ஒலிப்பதிவு விஷயம். ராமநாதபுரத்திலிருந்து கிளம்பியதும் வேனில் “விவேகானந்தரின் நிஜமான சிகாகோ குரல்” என்று ஒன்றைப் போட்டார்கள். இடையிடையே கரகரவென்று பழைய தட்டு சத்தம், கம்பீரமான ஆங்கிலம். வேனில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அப்பா கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டார். அது அவர் குரல் இல்லை. 1893-ல் சிகாகோவில் அவர் பேசியதற்கு ஒலிப்பதிவே கிடையாது, வாட்ஸ்அப்பில் சுற்றுவது பின்னாளில் யாரோ பேசிப் பதிவு செய்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை, இரவு அறையில்தான் சொன்னேன். “அப்படியா” என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டார். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பக்தியோடு வருகிற வயதானவர்களுக்குப் பொய்யை ஊற்றாதீர்கள். இதில் எனக்கு இன்னும் வருத்தம், உண்மையான கதை அதே ஊரில்தான் இருக்கிறது: ராமநாதபுரத்தில் மன்னரிடம் இருந்த போனோகிராப் கருவியில் சக்தி வழிபாட்டைப் பற்றிச் சுவாமி சிறிது பேசினார். அந்தப் பதிவு நம் கைக்கு வந்து சேரவில்லை. அதைச் சொல்லிவிட்டு வேனில் ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தாலே போதும்.

பரமக்குடியில் தேநீருக்கு நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மானாமதுரையில் பத்தே நிமிடம். மதுரையில் சுங்குடிச் சேலைக் கடையில் ஒன்றேகால் மணி நேரம். இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் புறப்படும் முன்பே இந்தக் கணக்கை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

ஏனென்றால் என்னைக் கேட்டால் இந்தப் பாதை முழுவதிலும் முக்கியமான ஊர் மானாமதுரைதான். மண்பானைக்கும் கடத்துக்கும் பேர்போன ஊர், சக்கரம் சுற்றுவதையும் சூளை வைப்பதையும் இன்றும் பார்க்கலாம். அந்த ஊரில் வந்து நின்றுதான், நம் மதம் அடுப்பங்கரைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, நம் கடவுள் சமையல் பானை, நம் மதம் ‘என்னைத் தொடாதே’ என்று சுவாமி பேசினார். நாம் வேதாந்திகளும் இல்லை, பௌராணிகர்களும் இல்லை, வெறும் தொடாதே-வாதிகள் என்றார். தண்ணீரை வலது கையால் குடிப்பதா இடது கையால் குடிப்பதா, வாயை ஐந்து தரம் கொப்பளிப்பதா ஆறு தரமா என்று வளர்ந்த மனிதர்கள் பல நூறு ஆண்டுகளாக விவாதம் பண்ணியிருக்கிறோமே என்று கேட்டார். யாரிடம் பேசுகிறார்? மாலையும் வாழ்த்துமடலும் கொண்டு புகழ வந்த பெரிய மனிதர்களிடம். வரவேற்க வந்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு அன்பும் எவ்வளவு துணிச்சலும் வேண்டும்! இந்தத் தெருக்களில் தீண்டாமை எப்படி இருந்தது என்று எங்கள் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் எனக்கு இது வெறும் சரித்திரம் இல்லை. பத்து நிமிடத்தில் வேனிலிருந்து இறங்கி, ஒரு பானைக் கடை வாசலில் நின்று, அப்பாவுக்கு இந்தப் பேச்சைக் கைப்பேசியிலிருந்து வாசித்துக் காட்டினேன். கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். “இங்கயா பேசினாரு?” என்று இரண்டு தரம் கேட்டார்.

இந்தப் பேச்சுகள் நம்மிடம் இருப்பதற்குக் காரணம் குட்வின் என்ற ஆங்கிலேய இளைஞர். சுவாமியின் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுக்க நியூயார்க்கில் கூலிக்கு அமர்த்தப்பட்டவர், கொஞ்ச நாளில் கூலி வேண்டாம் என்று சீடராகக் கூடவே கிளம்பிவிட்டார். இந்த ஊர்களின் வெயிலிலும் தள்ளுமுள்ளிலும் நின்று எழுதினார். 1898 ஜூன் 2-ல் ஊட்டியில் காய்ச்சலில் இறந்தார், முப்பது வயதுகூட இல்லை. கல்லறை ஊட்டியில்தான் இருக்கிறது. இவர் பெயரும் பயணத்தில் வரவில்லை.

மதுரையில் தங்கல் சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, காலைப் பொங்கல் அருமை. திருச்சியை வெளியிலிருந்தே தாண்டிவிட்டோம். கும்பகோணத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா விட்டார்கள், அதுவும் நல்லதுதான், அப்பா காவேரிப் படித்துறையில் உட்கார்ந்துகொண்டார். அங்கே சுவாமி மூன்று நாள் தங்கி வேதாந்தத்தின் பணி பற்றிப் பேசினார். நீளமான பேச்சு, வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள்.

நான்காம் நாள் ரயில். இந்த யோசனை யாருடையதோ, அவருக்கு என் நன்றி. வேனை முன்னால் அனுப்பிவிட்டு எங்களைக் கும்பகோணத்தில் பகல் ரயிலில் ஏற்றினார்கள். மாயவரம், சிதம்பரம், விழுப்புரம் என்று பழைய மெயின் லைனிலேயே எழும்பூர். சுவாமியும் ரயிலில்தான் போனார். வழியில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கூட்டம், மதுரையிலிருந்து வரும்போது திருச்சியில் விடியற்காலை நாலு மணிக்கு ஆயிரம் பேருக்கு மேல் நடைமேடையில் காத்திருந்தார்கள். சென்னைக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் அந்த ரயில் நிற்காது. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியும் ஸ்டேஷன் மாஸ்டர் மசியவில்லை. ரயில் வருவது தெரிந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் படுத்துவிட்டார்கள். கார்டு பதறி வண்டியை நிறுத்தினார், சுவாமி வெளியே வந்து கைநீட்டி ஆசி சொன்னார். இதைத் தம்பி ரயிலில் நன்றாகச் சொன்னான், பக்கத்து இருக்கைக்காரர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். இவனுக்குக் கதை சொல்லத் தெரிகிறது, சரியான கதையைக் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி நாள் சென்னை. கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம், அதாவது பழைய ஐஸ் ஹவுஸ். 1842-ல் ஃபிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, மாசாசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிக் கப்பலில் வரும் பனிக்கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டிய கட்டடம். இங்கேயே ஐஸ் செய்யும் இயந்திரம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை சுவாமி இங்கேதான் தங்கினார். அவர் இருந்த அறை இப்போது தியான அறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது. இங்கே போதுமான நேரம் கொடுத்தார்கள், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். கண்காட்சியை நிதானமாகப் பாருங்கள், குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

அந்த ஒன்பது நாளில் அவர் பட்ட பாடு கொஞ்சமா? எழும்பூரிலிருந்து பதினேழு வளைவுகள், இருபதுக்கு மேல் வாழ்த்துமடல்கள். விக்டோரியா ஹாலில் உள்ளே கொள்ளாத கூட்டம், வெளியே வந்து வண்டியின் மேல் ஏறி நின்று, கீதையில் போலத் தேரிலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கி, சத்தத்தில் பேச முடியாமல் சுருக்கமாக முடித்துக்கொண்டார். இவ்வளவுக்கும் நடுவில் நீரிழிவு. பூனாவுக்கு வரச்சொல்லித் திலகர் அழைத்தும் உடம்பு இடங்கொடுக்கவில்லை. ரயில் பயணமும் கூட்டமும் தாங்காது என்று 15-ம் தேதி கப்பலில் கல்கத்தா கிளம்பினார். தண்ணீருக்குப் பதிலாக இளநீர் குடிக்கச் சொல்லியிருந்தார் வைத்தியர், அதனால் ஜனங்கள் கப்பலில் இளநீராகக் கொண்டுவந்து ஏற்றினார்கள். வளைவும் பேண்டு வாத்தியமும் எனக்கு மறந்துவிடும், இந்த இளநீர் மறக்காது. கூடத்துப் படத்தில் இருப்பவருக்குத் தாகம் எடுத்தது என்று அப்பாவிடம் சொன்னபோது, எங்கள் ஊர்த் தோப்பு இளநீரும் போயிருக்குமோ என்று கேட்டார்.

மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்துக்கு மாலையில் போனோம். சென்னைக்காரர்கள் ஒரு துறவியை அனுப்பச் சொல்லிக் கேட்க, உங்கள் ஆசாரசீலர்களையும் மிஞ்சிய ஒருவரை அனுப்புகிறேன் என்று சொல்லிச் சுவாமி, தம்மைப் போலவே ராமகிருஷ்ணரின் சீடரான சசி மகராஜ் என்னும் ராமகிருஷ்ணானந்தரை அனுப்பினார். அவர் பத்தாண்டு போல ஐஸ் ஹவுஸில் இருந்து வகுப்பு நடத்தினார். 1906-ல் அந்தக் கட்டடம் விலைபோனதும் பின்பக்கத்து வீட்டுக்கு மாறினார், 1907-ல் மயிலாப்பூருக்கு. சுவாமி ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போனார், இவர்தான் இங்கேயே கிடந்து உழைத்தவர். இவருக்கும் பயணத்தில் இரண்டே வரி.

அப்படியானால் போகலாமா என்றால், போகலாம், நானே இன்னொரு தரம் போவேன். 5-க்கு மூன்றரை கொடுக்கிறேன். பாதையும், காலை நேரத் திட்டமும், ரயிலும், வயதானவர்களைப் பார்த்துக்கொண்ட விதமும் சேர்த்து அந்த மூன்றரை. வேனில் கடைசி வரிசை தூக்கிப் போடும், முட்டி வலி உள்ளவர்கள் முன்பே சொல்லி நடு வரிசை வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாடு நம் செலவு. பாம்பனில் தொப்பி வேண்டும்.

ஊர் திரும்பிய வாரமே நடத்துபவருக்குப் போன் பண்ணிப் பேசினேன். அந்த ஒலிப்பதிவைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் “தெரியாமத்தான் போட்டுட்டோம்மா, எடுத்துடறேன்” என்றார். அளசிங்கரையும் குட்வினையும் பற்றி எழுதித் தர முடியுமா என்று அவரே கேட்டார். நாலு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன். மானாமதுரைக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதாகச் சொன்னார். அடுத்த வேனில் போகிறவர்கள் அந்தப் பானைக் கடைக்காரரைப் பார்த்தால், நாங்கள் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.